செபப் புத்தகத்தின் முதல் தாள்



ஆண்டின் இறுதி இரவில் நம் ஆலயங்களில் நடைபெறும் நன்றி வழிபாட்டில் பங்குகொள்ளாத குடும்பம் நம்மிடையே அரிது. டிசம்பர் 31-ஆம் நாள் நள்ளிரவு நெருங்கும்போது, நற்கருணை ஆண்டவர் பீடத்தில் எழுந்தருளியிருக்க, முடிந்துபோன ஆண்டின் நன்மைகளை நினைந்து நாம் முழந்தாளிடுகிறோம். அந்நாளில் தெ தேயும் என்னும் நன்றிப்பண்ணைப் பாடுவது திருச்சபையின் பழைய வழக்கம். இலத்தீனில் பாடியதைச் செவியால் கேட்டு வளர்ந்த முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். அவ்விரவைப் பற்றி இம்மாதம் எழுத நினைத்ததும், நம் நினைவில் முதலில் எழுந்தது நாமே செய்த ஒரு பிழைதான். ஆகவே அதனையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

1983-ஆம் ஆண்டின் இறுதி இரவு அது. நாம் குருப்பட்டம் பெற்று நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. பனைமரங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூர்ப் பங்கில் பணி. இறைவனின் பிரமாணிக்கம் என்னும் பொருளில் மறையுரை ஆற்ற எண்ணி, இரண்டு நாட்களாகப் பங்கு மக்களின் வீடுகளுக்குச் சென்று செய்தி திரட்டி வைத்திருந்தோம். இன்னார் மகனுக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. இன்னார் வீட்டுக்கு ஓடு போட்டாயிற்று. பத்து ஆண்டுகளாக மகப்பேறின்றி இருந்த ஒருத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து சென்று வந்தபின் தாயானாள். அறுவை மருத்துவத்துக்குச் சென்ற பெரியவர் நலமாய்த் திரும்பினார். இவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்லி, "ஆண்டவர் வாக்குத் தவறாதவர் என்பதற்கு இதோ நம் ஊரே சாட்சி" என்று முடித்தோம். மக்கள் மகிழ்ந்தனர். நாமும் மகிழ்ந்தோம் என்பதை ஒளிப்பானேன்?

மறுநாள் புத்தாண்டுத் திருப்பலி முடிந்து, வாழ்த்துச் சொல்லவந்த கூட்டம் கலைந்தபின், ஒரு மூதாட்டி மேடையறை வாசலில் நின்றாள். அறுபது வயது கடந்தவள். ஓலைப்பெட்டி முடைந்து விற்றுப் பிழைப்பவள். நாள் தவறாமல் முதல் வரிசையில் தரையில் அமர்ந்து செபமாலை சொல்பவள். "சாமி, ஒரு சந்தேகம் கேட்கலாமா?" என்றாள். கேளுங்கள் அம்மா என்றோம். "ராத்திரி நீங்க சொன்ன கணக்கிலே நான் எங்கேயும் வரலியே. எனக்கு ஆண்டவர் பிரமாணிக்கமா இல்லைன்னு அர்த்தமா?" என்றாள்.

அக்குரலில் குத்தலோ கோபமோ இல்லை. சந்தை முடிந்து பெட்டிகளை எண்ணும்போது ஒன்று குறைந்தால் கேட்பாளே, அவ்வாறு கேட்டாள். நமக்கு மறுமொழி எழவில்லை. குருமடத்தில் ஏழெட்டு ஆண்டுகள் இறையியல், மெய்யியல் என்று கற்றவை எல்லாம் அவ்வேளையில் எங்கே போயின என்று தெரியவில்லை. ஏதோ சமாதானமாகச் சொன்னோம். அவளும் தலையசைத்துவிட்டு, முந்தானையில் முடிந்திருந்த காசை எடுத்து நம் கையில் வைத்து, ஒரு நன்றித் திருப்பலி வைக்கவேண்டும் என்றாள். எந்த நன்மைக்காக என்று கேட்டோம். "புதுசா ஒண்ணும் இல்லை சாமி. இதுவரைக்கும் வந்தாச்சே, அதுக்கு" என்றாள்.

அந்த வார உள்ளாகவே அவள் வீட்டுக்குச் சென்றோம். மகளோடும் மருமகனோடும் இருந்தாள். திரு இருதயப் படத்தின் கீழிருந்த பலகையிலிருந்து ஒரு பழைய செபப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினாள். அட்டை போய்த் துணியால் கட்டப்பட்டிருந்தது. அதன் முதல் தாள் அச்சில்லாத வெற்றுத்தாள். அதில் அவள் கணவர் தம் கையால், உபதேசியார் பள்ளியில் பயின்ற அழகிய எழுத்தில், 1944-இல் தங்கள் திருமணம் நடந்த நாளை எழுதியிருந்தார். அதன்கீழ் 1946-இல் மகன் பிறந்து ஞானஸ்நானம் பெற்ற நாள். 1948-இல் ஒரு மகள் பிறந்த நாள். அதே வரியில், பதினொரு நாள் கழித்து, அக்குழந்தை இறந்த நாள். 1951-இல் இளைய மகள். இதுவரை ஒரே கையெழுத்து. பிறகு வரும் வரி வேறு கையெழுத்து. பெரிய பெரிய எழுத்துகள், வரியை விட்டு இறங்கிச் செல்பவை. 1959-இல் பனையிலிருந்து விழுந்து கணவர் இறந்த நாள் அது. அதை எழுதியவள் அவளே.

மகன் 1968-இல் ஒரு நிலத் தகராறில் தாயோடு பிணங்கி ஊரைவிட்டுப் போனவன். பம்பாயில் இருப்பதாகச் சிலர் சொன்னார்கள். கடிதம் இல்லை. அதற்கும் தாளில் ஒரு வரி இருந்தது.

தாளின் ஓரத்தில், மேலிருந்து கீழாக, ஆண்டுகளின் எண்கள் எழுதப்பட்டு ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சிறு சிலுவை அடையாளம் இடப்பட்டிருந்தது. இது என்ன என்றோம். ஒவ்வோர் ஆண்டும் இறுதி இரவு வழிபாடு முடிந்து வீட்டுக்கு வந்ததும் போடுகிற அடையாளமாம். அவள் கணவர் தொடங்கிவைத்த பழக்கமாம். 1959-க்கு நேராகவும் அதே சிலுவை, அதே அளவில் இருந்தது. அதைச் சுட்டிக்காட்டிக் கேட்டோம். அவள் சொன்னதை அப்படியே தருகிறோம்: "அவரு விழுந்தப்போ ஏன் சாமி பிடிக்கலைன்னு நான் ஆண்டவரைக் கேட்டேன். இன்னமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். பதில் சொல்லலை. ஆனா அவரும் போகலை, நானும் போகலை."

குடும்பத்தாரே, இறைவனின் பிரமாணிக்கத்தைக் குறித்து நாம் பின்னர் எத்தனையோ நூல்களைப் படித்திருக்கிறோம். அந்த மூதாட்டியின் கடைசிச் சொற்றொடரைக் கடந்து வெகுதூரம் சென்றுவிட்டதாக நமக்குத் தோன்றவில்லை.

பிரமாணிக்கம் என்னும் சொல்லை இக்காலத்து இளைஞர் அதிகம் அறியார். நம்பகத்தன்மை, வாக்குப் பிறழாமை என்றெல்லாம் இப்போது எழுதுகிறோம். ஆயினும் நம் திருமண வாக்குறுதியில் அப்பழஞ்சொல் இன்னும் வாழ்கிறது. மணமகனும் மணமகளும் பீடத்தின்முன் கைகோத்து நின்று, இன்ப துன்பங்களிலும் நலத்திலும் நோயிலும் ஒருவருக்கொருவர் பிரமாணிக்கமாயிருப்பதாக வாக்களிக்கிறார்களே, அங்கே அச்சொல்லுக்கு என்ன பொருள்? மனைவிக்கு நோய் வராமல் காப்பேன் என்று கணவன் வாக்களிக்கிறானா? வறுமை நம் வாசலை மிதிக்காது என்று மனைவி உறுதி கூறுகிறாளா? இல்லை. நோய் வரும், வறுமை வரும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, வரும்போது விட்டகலமாட்டேன் என்று சொல்கின்றனர். ஓசேயா இறைவாக்கினர் முதற்கொண்டு, இறைவன் தம் மக்களோடு கொண்ட உறவை மணவுறவாகவே விவிலியம் பேசிவருகிறது. அவ்வாறாயின் இறைவனின் பிரமாணிக்கத்தை மட்டும் நாம் ஏன் வேறொரு துலாக்கோலில் நிறுக்கிறோம்? மனிதரிடத்தில் உடன் நிற்பதைப் பிரமாணிக்கம் என்கிறோம். இறைவனிடத்தில் மட்டும், கேட்டதைத் தருவதைப் பிரமாணிக்கம் என்கிறோம். 1983-இல் நாம் செய்த பிழை இதுவே.

எபிரேய மொழியில் இதற்கு வழங்கும் சொற்களுள் ஒன்று எமூனா. உறுதியாய் நிற்றல், தாங்குதல் என்னும் பொருள்தரும் வேரிலிருந்து பிறந்தது. நாம் செபத்தின் முடிவில் சொல்லும் ஆமென் என்பதும் அதே வேரினின்றே வந்தது. இச்சொல் விடுதலைப்பயண நூலின் 17-ஆம் அதிகாரத்தில் ஆளப்பட்டுள்ள இடம் நம் சிந்தைக்கு உரியது. அமலேக்கியருடன் போர் நடக்கையில் மோசே குன்றின்மேல் நின்று கைகளை உயர்த்தியிருக்கிறார். கைகள் ஓய்ந்து தாழ்கின்றன. ஆரோனும் கூரும் அவரை ஒரு கல்லின்மேல் அமர்த்தி, இருபுறமும் நின்று கைகளைத் தாங்கிப் பிடிக்கின்றனர். கதிரவன் மறையும்வரை அவர் கைகள் தளராது நின்றன என்று கூறுமிடத்தில் எழுதப்பட்டுள்ள சொல் எமூனா. ஓய்ந்த கைகள் அவை. தம் வலிமையால் நிற்காதவை. தாங்கப்பட்டமையால் நின்றன. கைகளைத் தாங்கியதால் போர் இல்லாமற் போய்விடவில்லை, மாலைவரை நடந்தது.

இனி, இம்மாதம் 14-ஆம் நாள் நாம் நினைவுகூரும் ஒரு மனிதரிடம் வருவோம். நம் மண்ணிலே பிறந்து, நம் மண்ணிலே குருதி சிந்திய புனித தேவசகாயம் அவர்.

1712-இல் நட்டாலத்தில் பிறந்து, நீலகண்டன் என்னும் பெயரோடு திருவிதாங்கூர் அரசில் பணியாற்றியவர். மார்த்தாண்ட வர்மா மன்னர் ஆண்ட காலம் அது. 1741-இல் குளச்சலில் நடந்த போரில் டச்சுப் படை தோற்று, அதன் படைத்தலைவருள் ஒருவரான டிலனாய் சிறைப்பட்டார். பின்னர் அவரே மன்னரின் படைக்குப் பயிற்சி அளிக்கும் தளபதியானார். அவர் கத்தோலிக்கர். நீலகண்டனுக்கும் அவருக்கும் நட்பு மலர்ந்தது. நீலகண்டன் வீட்டில் அக்காலம் இழப்பின்மேல் இழப்பு. கால்நடைகள் மடிந்தன, பயிர் அழிந்தது என்பது வழிவழி வந்த செய்தி. வாடிய முகத்தோடு வந்த நண்பருக்கு டிலனாய் சொன்ன ஆறுதல் யோபுவின் வரலாறு. எண்ணிப் பார்த்தால் இது வியப்புக்குரியது. நாட்டை இழந்து, தோல்வியுற்று, அந்நிய மன்னனின் கீழ்ப் பணிபுரியும் ஒரு போர்க் கைதி, கால்நடைகளை இழந்த ஓர் அரண்மனைப் பணியாளரிடம், அனைத்தையும் இழந்த மூன்றாம் மனிதர் ஒருவரின் கதையைச் சொல்கிறார். நற்செய்தி நம் குமரி மண்ணின் முதல் பொதுநிலைப் புனிதரை அடைந்த வழி இது.

1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில், இயேசு சபைக் குருவாகிய புத்தாரி அடிகளின் கையால் அவர் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்பது அவருக்கு இடப்பட்ட பெயர். எபிரேயத்தில் எலயாசர், கடவுள் உதவினார் என்பது பொருள். அதனையே தமிழில் தேவசகாயம் என்றனர். அவருடைய துணைவியாரும் தெரேசா என்னும் பெயரைத் தமிழாக்கி, ஞானப்பூ என்று பெயர் பெற்று மறையைத் தழுவினார்.

பெயரிட்டு நான்கு ஆண்டு செல்லுமுன்னே, 1749 பிப்ரவரியில் தேவசகாயம் சிறைப்பட்டார். எருமையின்மேல் ஏற்றி ஊரூராய்க் கொண்டுசென்றனர்; அடித்தனர்; புண்களில் மிளகாய்த்தூள் தேய்த்தனர். பெருவிளையில் மரத்தோடு பிணித்து வைத்தனர். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிந்தபின், 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள், ஆரல்வாய்மொழிக்கு அருகில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றனர். கிடைத்த எலும்புகளைக் கிறிஸ்தவர்கள் எடுத்துச்சென்று கோட்டாற்றில் புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர்.

கடவுள் உதவினார் என்று பெயர் தாங்கியவருக்கு நேர்ந்தது இது. பெயரே ஏளனமாயிற்றே என்று அன்று கூட்டத்தில் நின்ற எவரேனும் நகைத்திருக்கலாம். ஏனெனில் அவர் கேட்ட கதையில் யோபுவுக்கு எல்லாம் திரும்பக் கிடைத்தன. ஏழாயிரம் ஆடுகளை இழந்தவருக்குப் பதினாலாயிரம். மூவாயிரம் ஒட்டகங்களுக்கு ஆறாயிரம். ஐந்நூறு ஏர்மாடுகளுக்கு ஓராயிரம். கதை கேட்ட தேவசகாயத்துக்கோ இருந்ததும் போயிற்று. ஊதியம் போயிற்று, உற்றார் போயினர், உயிரும் போயிற்று. டிலனாய் சொன்ன கதை முழுவதையும் அவர் கேட்டிருப்பார். அதன் இறுதி அதிகாரம் தமக்கு வராது என்பதைச் சிறையில் எந்த நாளில் உணர்ந்தாரோ நாம் அறியோம். உணர்ந்த பின்னும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை என்பது மட்டும் அறிவோம். பழைய நெறிக்குத் திரும்பியிருந்தால் உயிர் பிழைத்திருப்பார்.

இவ்விடத்தில் யோபு நூலைச் சற்றே நெருங்கிப் பார்ப்பது நலம். ஆடுமாடுகள் இரட்டிப்பாயின என்று கணக்குச் சொல்லும் அந்நூல், பிள்ளைகளைக் குறித்து மட்டும் இரட்டிப்பு என்று சொல்வதில்லை. தொடக்கத்தில் ஏழு ஆண்மக்களும் மூன்று பெண்மக்களும். இறுதியிலும் ஏழு ஆண்மக்களும் மூன்று பெண்மக்களும். மடிந்த ஆடு மடிந்ததே. அதற்குப் பதில் வேறு ஆடு வரலாம். இறந்த பிள்ளைக்குப் பதில் என்று உலகில் ஒன்றுமில்லை. முன்னைய பத்துப் பேரும் இறைவனிடத்தில் இழக்கப்படாமல் இருக்கிறார்கள், ஆகவே பின்னைய பத்துப் பேரோடு சேர்த்து எண்ணினால் அதுவும் இரட்டிப்பே என்று உரைகாரர் சிலர் விளக்குவர். பிள்ளையைப் புதைத்த தாய்மாருக்கு இவ்விளக்கம் புதிதன்று. பதினொரு நாள் வாழ்ந்த குழந்தையின் பெயரை நம் மூதாட்டி முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்தும் தன் பிள்ளைகளின் பெயர்களோடு சேர்த்தே சொன்னாள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் மூன்று என்பாள்.

மற்றொன்று. யோபு எழுப்பிய கேள்விக்கு அந்நூலில் இறைவன் மறுமொழி தரவில்லை. நான்கு அதிகாரங்கள் பேசுகிறார். கடலையும் விண்மீன்களையும் காட்டுவிலங்குகளையும் பற்றிப் பேசுகிறார். உனக்கு ஏன் இது நேர்ந்தது என்று ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் வந்தார், பேசினார். அத்துடன், இறைவனுக்காக வழக்காடுவதாக எண்ணி, துன்பத்துக்குக் காரணம் கற்பித்த நண்பர் மூவரையும் கடிந்துகொண்டு, தம்மோடு வாதிட்ட யோபுவே சரியாகப் பேசினார் என்று தீர்ப்பளித்தார். அந்த மூன்று நண்பர்களின் வரிசையில், 1983-ஆம் ஆண்டின் இறுதி இரவில், நான்காமவராக நாம் ஒலிபெருக்கியின் முன் நின்றிருந்தோம்.

தேவசகாயம் கொல்லப்பட்ட செய்தி எட்டியபோது, அப்பகுதி கொச்சி மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்தமையால், கொச்சி ஆயர் தம் பேராலயத்தில் தெ தேயும் பாடச் செய்தார் என்று வரலாற்றில் எழுதி வைத்திருக்கின்றனர். ஆண்டிறுதியில் நன்மைகளை எண்ணிப் பாடுகிற அதே பண்! இரங்கற்பா பாடவில்லை. அவர் உயிரோடு மீளவேண்டும் என்று மூன்று ஆண்டுகளாக வேண்டியோர் எத்தனை பேரோ. அவ்வேண்டுதல் நிறைவேறாத நாளில் நன்றிப்பண் எழுந்தது. இப்போது, 2012 டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15-ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதராகவும் உயர்த்தப்பட்டதை எண்ணி, "பார்த்தீர்களா, இறைவன் கைவிடவில்லை" என்று நாம் சொல்லக்கூடும். சொல்வதில் தவறில்லை. ஆயினும் 270 ஆண்டுகள் கழித்து வந்த மகிமையை அவர் இவ்வுலகில் காணவில்லை. கணவனை இழந்து வடக்கன்குளத்தில் வாழ்ந்து மறைந்த ஞானப்பூ அம்மையும் காணவில்லை. அவ்விருவருக்கும் இறைவன் பிரமாணிக்கமாய் இருந்தது மேடையிட்ட அந்த நாளில் அன்று. மரத்தோடு பிணிக்கப்பட்ட இரவுகளிலும், கணவன் திரும்பாத வீட்டிலும்.

சாமுவேல் நாட்டிய கல்லையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. நம் பிரிந்த சகோதரர் பலர் வீட்டுக்குப் பெயரிட்டு மகிழும் எபனேசர் என்பது அது. உதவியின் கல் என்பது பொருள். தேவசகாயம் என்னும் பெயரில் உள்ள அதே உதவிதான். வெற்றி பெற்ற நாளில் சாமுவேல் அக்கல்லை நாட்டி, இதுவரை ஆண்டவர் நமக்குத் துணைநின்றார் என்று கூறியதை அனைவரும் அறிவர். மூன்று அதிகாரங்களுக்கு முன்னே எபனேசர் என்னும் அதே பெயர் வருவதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. அங்கேதான் இஸ்ரயேலர் பாளையமிறங்கிப் பெலிஸ்தியரிடம் படுதோல்வி அடைந்து, முப்பதாயிரம் பேரை இழந்து, உடன்படிக்கைப் பேழையையும் பறிகொடுத்தனர். சாமுவேலின் "இதுவரை" என்னும் சொல்லுக்குள் அந்தத் தோல்வியும் அடங்கிக் கிடக்கிறது.

இறைவன் உடனிருக்கிறார் என்ற உணர்வே அற்றுப்போனால் என்ன செய்வது என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. கொல்கத்தாவின் புனித தெரேசா அன்னையை எடுத்துக்கொள்வோம். 1946 செப்டம்பர் 10-ஆம் நாள் டார்ஜிலிங் செல்லும் இரயிலில் அழைப்பைப் பெற்று, 1950-இல் அன்புப் பணியாளர் சபையை நிறுவியவர். பணி தொடங்கிய காலத்திலிருந்தே அவர் உள்ளத்தில் இருள் சூழ்ந்தது. இறைவனின் உடனிருப்பை உணரவே இயலவில்லை. 1958-இல், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக நடந்த திருப்பலியின்போது அவ்விருள் விலகி, சில வாரங்கள் ஒளி நிலவியது, மீண்டும் இருள். 1997-இல் இறக்கும்வரை அதுவே நிலை. உலகமே அவர் முகத்தின் மலர்ச்சியைக் கண்டு வியந்தது. 2007-இல் அவருடைய கடிதங்கள் நூலாக வெளிவந்தபோதுதான் பெரும்பாலோர் இதனை அறிந்தனர். சிலர் இடறல் அடைந்தனர். நாம் ஆறுதல் அடைந்தோம். விடியற்காலையில் எழுந்து நற்கருணைமுன் முழந்தாளிட்டு, பின் தெருவில் இறங்கிப் புண்பட்டோரைத் தூக்கிய அந்தக் கைகளை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், எவர் தாங்கிப் பிடித்தார்? உணர்வு தாங்கவில்லை என்பது உறுதி.

குடும்பத்தாருக்கு நாம் சொல்ல விரும்புவது ஒரு சிறு செயல். முன்பு நம் வீடுகளில் செபப் புத்தகத்தின் முதல் தாளிலோ, விவிலியத்தின் உள்ளட்டையிலோ, குடும்பத்தின் நாட்களை எழுதி வைப்பது வழக்கமாய் இருந்தது. இப்போது கைப்பேசியில் படங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுள் சிரித்த முகங்களே மிகுதி. அழுத நாட்களை எவரும் படம் எடுப்பதில்லை. பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். ஒருவர் பிறந்து திருமுழுக்குப் பெற்ற வரியின் ஓரத்திலேயே, பின்னர் அவர் உறுதிபூசுதல் பெற்றதும், திருமணம் செய்ததும் அல்லது குருவானதும் குறிக்கப்படும். எங்கோ தொலைவிலுள்ள பங்கில் மணம் முடித்தாலும் செய்தி இந்த ஓரத்துக்கு வந்து சேரவேண்டும். குழந்தையின் நெற்றியில் நீர் ஊற்றிய நாளில் திறந்த வரியைத் திருச்சபை மூடுவதில்லை. அதுபோல் வீட்டிலும் ஒரு தாள் இருக்கட்டும். பிறப்பும் இறப்பும், வேலை கிடைத்ததும் போனதும், பிணக்கும் அதில் வரட்டும். கல்லறைத் திருநாளில் ஒருமுறை, ஆண்டின் இறுதி இரவில் ஒருமுறை, குடும்பச் செபத்தின்போது மூத்தவர் ஒருவர் அதனைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டட்டும். வாசித்துவிட்டு விளக்கவுரை எதுவும் வேண்டாம். பாட்டனாரின் நிலம் ஏன் போயிற்று என்று பிள்ளை கேட்டால், தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அனைத்துக்கும் காரணம் கண்டு சொல்லும் பெரியவர்களைப் பிள்ளைகள் வெகுநாள் நம்புவதில்லை.

நாம் சந்தித்த அந்த மூதாட்டி 1991-ஆம் ஆண்டு நோன்புக் காலத்தில் இறந்தாள். அப்போது நாம் வேறு பங்கில் இருந்தோம். ஆயினும் செய்தி அறிந்து, அடக்கத்துக்கு முன்பே சென்று சேர்ந்தோம். நோயில் பூசுதல் பெற்று, நற்கருணை உட்கொண்டு, அமைதியாய்ப் போனதாக அவ்வூர்ப் பங்குத்தந்தை சொன்னார். இறுதி நாட்களில் மகனைக் கேட்டாளாம். மகளின் கணவர் பம்பாயில் உள்ள நம் ஊரார் வழியாக எப்படியோ முகவரி தேடிப் பிடித்துத் தந்தி கொடுத்திருந்தார். மகன் வரவில்லை, தாய் கண்மூடிய பின்னரே வந்து சேர்ந்தான். இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, தலை நரைத்து, கையில் ஒரு பையோடு வாசலில் நின்றவனை ஊரில் பலருக்கு அடையாளம் தெரியவில்லை.

அடக்கம் முடிந்த மாலையில் அவ்வீட்டில் செபமாலை சொன்னோம். சொல்லி முடித்தபின் இளைய மகள் அந்தச் செபப் புத்தகத்தை எடுத்து வந்து அண்ணன் கையில் கொடுத்தாள். அவன் துணிக்கட்டை அவிழ்த்து முதல் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். 1968-ஆம் ஆண்டின் வரியை அவன் படித்திருப்பான். அவ்வரியில் அவன் செய்த குற்றம் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அவன் பெயரும், புறப்பட்ட நாளும் மட்டுமே இருந்தன. ஓரத்துச் சிலுவைகள் 1990 வரை வந்து நின்றிருந்தன. கடைசிச் சில சிலுவைகள் கை நடுங்கிக் கோணலாய் இருந்தன.

தாளின் அடியில் இரண்டு விரற்கடை அளவே இடம் மீதமிருந்தது. அவன் நிமிர்ந்து பார்த்து, "சாமி, பேனா இருக்கா?" என்றான். அங்கியின் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தோம்.